வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு உடைந்தது... பரிசோதனை அவசியமா?

கேள்வி: எனக்கு வயது 57. நான்கு மாதங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். வலது மணிக்கட்டு உடைந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டு, இப்போது சரியாகிவிட்டது. மாதவிடாய் 43 வயதிலேயே நின்றுவிட்டது. எலும்பு அடர்த்தி டெஸ்ட் எடுக்கச் சொல்கிறாள் மகள். "விழுந்தால் யாருக்கும்தான் உடையும், ஆட்டுக்கால் சூப் குடி" என்கிறார் கணவர். எது சரி?

பதில்: மகள் சொல்வதுதான் சரி. பைக்கில் இருந்து விழுந்து உடைந்திருந்தால் கணவர் கட்சியில் நானும் சேர்ந்திருப்பேன். நின்ற நிலையில் இருந்து விழுவதை நல்ல எலும்பு பெரும்பாலும் தாங்கிவிடும். 50 வயதைக் கடந்தவருக்கு அப்படி விழுந்தே உடைந்தால், எலும்புப்புரை, அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் உடையும் நோய், இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

நம் எலும்பில் பழையது கரைவதும் புதியது சேர்வதும் ஆயுள் முழுக்க நடக்கிறது. கரையும் வேகத்தை அடக்கி வைப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். மாதவிடாய் நின்றதும் அந்தப் பிடி தளர்ந்துவிடும். உங்களுக்கு 45 வயதுக்கு முன்பே நின்றதால் இழப்பும் சீக்கிரமே தொடங்கியிருக்கும். பலருக்கு முதலில் உடைவது மணிக்கட்டு. அடுத்து முதுகெலும்பு, இடுப்பு என்று போகக்கூடாது என்பதுதான் என் கவலை.

மகள் சொல்லும் எலும்பு அடர்த்தி டெஸ்ட்தான் டெக்சா ஸ்கேன். அதற்கு ஊசி கிடையாது. கொஞ்ச நேரம் அசையாமல் படுத்திருந்தால் போதும். உங்கள் எலும்பு அடர்த்தியை ஆரோக்கியமான இளவயதினரோடு ஒப்பிட்டுச் சொல்லும் 'டி ஸ்கோர்' மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. அதைவிடச் சற்று மேலே இருந்தாலும், ஏற்கெனவே எலும்பு முறிந்திருப்பதால் மருந்து தேவைப்படலாம். கூடவே கால்சியம், வைட்டமின் டி, தைராய்டு, சிறுநீரகச் செயல்பாட்டுக்கான ரத்தப் பரிசோதனைகளையும் முடித்துவிடுங்கள்.

எலும்பு கரைவதைக் குறைக்க, வாரம் ஒரு முறை போடும் அலெண்ட்ரோனேட் மாத்திரையைப் பலருக்கும் தருகிறோம். காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்கிவிட்டு, குறைந்தது அரை மணி நேரம் படுக்கக் கூடாது, காபியும் கூடாது. படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகலாம். மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

சூப் விஷயத்துக்கு வருவோம். ருசிக்குக் குடிக்கலாம், தப்பில்லை. ஆனால் எலும்பை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அதிலுள்ள கால்சியம் பெரிதாக இறங்காது. உங்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 1,200 மில்லிகிராம். 100 கிராம் கேழ்வரகிலேயே 300-க்கு மேல் இருக்கிறது. பால், தயிர், முள்ளோடு சாப்பிடும் நெத்திலியும் கைகொடுக்கும்.

மருத்துவரிடம் போகும்போது உயரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். இளவயது உயரத்தைவிட 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால் முதுகெலும்புக்கு ஓர் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அங்கே எலும்பு நொறுங்கியிருந்தாலும் பலருக்கு வலியே தெரிவதில்லை.