தூங்கி எழுந்தும் தீராத அலுப்பு: மனநல ஆலோசகரின் கேள்வி-பதில்

கேள்வி: மென்பொருள் வேலை. அமெரிக்க வாடிக்கையாளருடன் இரவு 11 மணி வரை போன் கால் இருக்கும். சனி, ஞாயிறு முழுக்கத் தூங்கினாலும் திங்கட்கிழமை எழுந்திருக்கவே மனசு வரவில்லை. சோம்பேறி ஆகிவிட்டேனா? (சோழிங்கநல்லூர் வாசகர்)

பதில்: இல்லை. படித்தவரை இது பர்ன்அவுட் போலத்தான் தெரிகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதை நோய் என்று சொல்லாமல், வேலையில் நாள்பட்ட அழுத்தத்தைச் சமாளிக்க முடியாமல் வரும் நிலை என்று விளக்கியது. அடையாளங்கள் மூன்று: தெம்பே இல்லாத சோர்வு, வேலை மேல் வெறுப்பு, என்ன செய்தும் உருப்படியாக முடிப்பதில்லை என்ற எண்ணம். தூக்கம் முதலாவதைக் கொஞ்சம் தணிக்கும். மற்ற இரண்டும் அப்படியே இருக்கும்.

ஒரு வாரம், எந்த நேரத்தில் அலுப்பு தட்டுகிறது என்று நோட்டில் எழுதுங்கள். என்னிடம் வந்த ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: ‘10.40. போன் அடிக்கவில்லை. அடிக்குமோ என்று நாலு தடவை எடுத்துப் பார்த்தேன்.’ அந்தக் காத்திருப்பும் வேலைதான். சம்பளக் கணக்கில் மட்டும் வராது. அவர் டீம் லீடிடம் பேசி, கால் இல்லாத நாட்களில் 9 மணிக்கு மேல் அவசரம் என்றால் மட்டும் போனில் கூப்பிடுவது, மற்றதெல்லாம் காலையில் என்று முடிவு செய்துகொண்டார். நீங்களும் கேட்டுப் பாருங்கள். ‘முடியாது’ என்று சொல்லத் தயக்கமாக இருந்தால், ‘நாளைக்கு 11 மணிக்குள் தருகிறேன்’ என்று சொல்லலாம்.

கேள்வி: மாமியார் ஒரு வருடமாகப் படுக்கையில். இரண்டு பிள்ளைகள். ‘உனக்கென்று நேரம் ஒதுக்கு’ என்கிறார்கள். எங்கிருந்து ஒதுக்குவது? (திருச்சி வாசகி)

பதில்: நியாயமான கோபம் அம்மா. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் சம்பளமில்லாமல் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது சராசரி 299 நிமிடம், ஆண்களுக்கு 97. நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது.

முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், ஹீமோகுளோபினும் தைராய்டும். ரத்தசோகையை மனச்சோர்வு என்று நினைத்து மாதக்கணக்கில் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், வீட்டில் யாரிடமும் ‘கொஞ்சம் உதவுங்கள்’ என்று கேட்காதீர்கள். ஒரு வேலையை முழுசாக ஒப்படையுங்கள். மாமியாரின் மாத்திரை உங்கள் கணவர் பொறுப்பு என்றால், அட்டையில் இன்னும் எத்தனை இருக்கிறது, எப்போது வாங்க வேண்டும் என்பதும் அவர் தலையில் இருக்க வேண்டும். எடுத்துக் கொடுப்பது அவர், ஞாபகம் வைப்பது நீங்கள் என்றால் உங்கள் பாரம் குறையவே இல்லை. முதல் வாரம் என்றாவது கொஞ்ச நேரம் தாமதமாகலாம். எந்த வேளையையும் விடக்கூடாது என்பதை மட்டும் முன்பே பேசிவிடுங்கள். நடுவில் போய் அந்தப் பொறுப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. நின்றபடியே, சமையல் மேடை ஓரமாக, மிச்சக் குழம்பை வழித்துச் சாப்பிடுவதை விடுங்கள். தட்டில் போட்டு, உட்கார்ந்து, சூடாக ஒரு வேளையாவது சாப்பிடுங்கள்.

கேள்வி: ஞாயிறு தவறாமல் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம். போகாவிட்டால் மனஸ்தாபம். (மதுரை வாசகர்)

பதில்: நெருங்கிய சொந்தத்துக்குப் போங்கள், துக்க வீட்டுக்குக் கட்டாயம் போங்கள். மற்றவர்களுக்கு முந்தின நாளே போன் செய்து மனதார வாழ்த்துங்கள், மொய்யை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறாவது உங்களுக்கு வேண்டும்.

கேள்வி: சோர்வு போக மாலையில் 2 காபி குடிக்கிறேன். தவறா? (கோவை வாசகி)

பதில்: குடித்த காஃபீனில் பாதி கழியவே சுமார் 5 மணி நேரம் ஆகும். 6 மணிக்குக் குடித்தால் 11 மணிக்கும் பாதி உள்ளே இருக்கும். மதியத்தோடு நிறுத்திப் பாருங்கள்.

கேள்வி: லீவு போட்டும் மாறவில்லை. விடியாமலே இருந்தால் நல்லது என்று தோன்றுகிறது. (பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: இதை எழுதியதற்கு நன்றி. உங்களுக்கு இப்போதே துணை வேண்டும். 14416-க்குக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் டெலி மனஸ் சேவை அது. கட்டணமில்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். மனநல மருத்துவரையும் தள்ளிப்போடாமல் பாருங்கள். இன்று இரவு தனியாக இருக்காதீர்கள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால், எனக்கு எழுதிய அந்த வரியையே வீட்டில் ஒருவரிடம் காட்டுங்கள்.