லாரி நிற்கும் இடத்தில் ருசி (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணா,

அடுத்த மாதம் மாமாவின் லாரியில் நாமக்கல்லில் இருந்து டெல்லி வரை போகிறேன். வழியில் எதையெல்லாம் பார்க்கலாம், எந்தெந்த தாபாவில் சாப்பிடலாம் என்று எழுதுங்கள். லாரி நிறைய நிற்கும் கடையில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்கிறார்களே, நம்பலாமா? டிரைவர்கள் ரோட்டோரம் அடுப்பு வைத்துச் சமைப்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

கதிர், ராசிபுரம்

அன்புள்ள கதிர்,

சந்தோஷம் தம்பி, போய் வா. பார்ப்பதற்கா பஞ்சம்? கர்னூலில் துங்கபத்திரை, நிர்மல் பக்கம் கோதாவரி, பர்மானில் நர்மதை, தோல்பூரில் சம்பல். நாக்பூர் தாண்டி பெஞ்ச் காட்டில், விலங்குகள் அடியில் கடந்துபோக ரோட்டைத் தூக்கிக் கட்டியிருப்பதை மட்டும் தூங்காமல் பார். மற்றதெல்லாம் கண்ணாடியில் தானாக வரும்.

"லாரி நிற்கும் கடை" என்ற பேச்சுதான் எனக்கு வெகுநாள் எரிச்சல். காரில் போகிறவர்கள் கட்டிவிட்ட கதை அது. லாரிக்காரர் ருசி பார்த்து நிறுத்துவதில்லை, இடம் பார்த்து நிறுத்துகிறார். லோடோடு 28 டன் வரும் பத்துச் சக்கர வண்டியை மழை பெய்த மண்ணில் இறக்கினால் ஒரு பக்கம் புதைந்துவிடும். ஜல்லி போட்டு இறுகிய தரை வேண்டும். நான்கு வழிச் சாலைக்கு நடுவில் தடுப்பு. எதிர்ப்பக்கம் அமிர்தமே பரிமாறினாலும், அடுத்த திருப்பம் வரை போய்த் திரும்பிவர யாரும் டீசல் எரிக்க மாட்டார்கள். குளிக்கத் தொட்டி நிறையத் தண்ணீர், படுக்கக் கயிற்றுக் கட்டில், ராத்திரி டீசல் டேங்கையும் தார்ப்பாயையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். இவை இருந்தால் போதும், தால் தண்ணீராக இருந்தாலும் முப்பது வண்டி நிற்கும். பெரிய ஊர்களுக்கு வெளியே இன்னும் வேடிக்கை. பகலில் கனரக வண்டிக்கு நோ என்ட்ரி என்பதால், உள்ளே விடும் நேரம் வரை வரிசையாக நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். அதைப் பார்த்த ஒருவர் காரை ஓரங்கட்டி, 'டிரைவர்கள் சாப்பிடும் இடம்' என்று படம் பிடித்துப் போடுகிறார். வண்டிகளுக்கு மறுபக்கம் எட்டிப் பார்த்திருந்தால் நம் ஆட்கள் சொந்தமாகச் சோறு பொங்குவது தெரிந்திருக்கும்.

அதைப் போய்ப் பாவம் என்கிறாயே! ரொட்டி நமக்குத் தொடர்ந்து நாலு வேளை இறங்காது, பேட்டா காசும் மிச்சம். அதற்கும் மேலே, அது கைதேர்ந்த வேலை. டீசல் டேங்க் இல்லாத பக்கம், காற்று படாத மறைவில் அடுப்பு. சுற்றி ஒரு தகரம். நிறுத்துவதற்கு அரைமணி முன்பே அரிசியை ஊறவைத்துவிட்டால் அந்த 5 கிலோ சிலிண்டர் இன்னும் ரெண்டு நாள் கூடுதலாக வரும். குக்கரில் ஒரு டம்ளர் புழுங்கலரிசிக்கு மூன்று டம்ளர் தண்ணீர், நாலு விசில். காலை வாருவது பருப்புதான். அனந்தபூரில் இருந்து வடக்கே பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. அதில் துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் நறுக்கென்றே நிற்கும். குடிக்க வைத்திருக்கும் கேன் தண்ணீரைப் பருப்புக்கும் ஊற்ற வேண்டும். கோடையில், இன்ஜின் சூடும் சேர்ந்த கேபினில், சாம்பார் சாயங்காலம் வரை தாங்காது. புளிக்குழம்பை நல்லெண்ணெய் விட்டுச் சுண்டவைத்தால் மறுநாளைக்கும் ஆகும். மிஞ்சிய சோற்றைச் சூட்டோடு மூடினால் நூல் விட்டுவிடும். ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றி வை.

ஒன்று மட்டும் கண்டிப்பு: கேபினுக்குள் அடுப்பு கூடவே கூடாது. மழை, குளிர் என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பற்றவைக்கிறார்கள். வடக்கே ஜனவரிக் குளிரில் கரி அடுப்பை உள்ளே வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவே இல்லை. அடுப்பில் இருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. மாமாவே வைத்தாலும் சண்டை போடு.

தாபாப் பட்டியலெல்லாம் தரமாட்டேன். உட்கார நேர்ந்தால் கொதிக்கும் தாலும் தந்தூரில் இருந்து நேராக வரும் ரொட்டியும் கேள், முன்பே நறுக்கி வைத்த வெங்காயத்தைத் தொடாதே. இரண்டு பேர் உலையில் நீ மூன்றாவது ஆள், அரிசி 5 கிலோ கூடுதலாக எடுத்துக்கொள். பாத்திரம் கழுவுவது உன் வேலை; மாமா வேண்டாம் என்பார், கேட்காதே.