சேணத்தைக் கண்டு நடுங்கும் குதிரைக்குட்டி

கேள்வி: எங்கள் ஆண் குதிரைக்கு இரண்டரை வயது. சேணம் வைத்துப் பழக்கத் தொடங்கி இரண்டு கிழமை. சேணத்தைக் கண்டாலே வியர்க்கிறது, கழிகிறது, தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இரத்தத்தில் ஓமோன் சோதிக்கலாமா? நலமடித்தால் (விதை நீக்கினால்) அடங்குமா?
– வேலணை வாசகர்

பதில்: சோதிக்கலாம். ஆனால் ஒருமுறை எடுத்த எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பதற்றத்தில் ஏறும் கோட்டிசோல், காலையில் இயல்பாகவே கூடியிருக்கும்; மாலையில் இறங்கும். ஓடினாலும் ஏறும், ஊசி குத்தினாலும் ஏறும். 'மகிழ்ச்சி ஓமோன்' என்று பேர் வாங்கிய செரோற்றோனினும் அப்படித்தான். இரத்தத்தில் இருப்பதில் பெரும்பங்கு குடலில் உருவாவது, மூளையின் நிலையை அது காட்டாது.

அந்தக் காசுக்கு ஒரு ஸ்ரெதஸ்கோப் வாங்குங்கள். இடது முன்காலின் முழங்கைக்குப் பின்னால் வைத்து எண்ணுங்கள். வளர்ந்த குதிரைக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 28–44 துடிப்பு. குட்டிக்குச் சற்றுக் கூடலாம். ஓர் அடிகூட வைக்காமல், சேணத்தைக் கண்டதுமே துடிப்பு எகிறினால் அது பயம்.

முதலில் முதுகை விரல்களால் அழுத்திப் பாருங்கள். நோவு இருந்தால் வைத்தியரைக் கூப்பிடுங்கள், பழக்கத்தை நிறுத்துங்கள். நோவில்லையென்றால் சேணத்தை ஒதுக்கி, மடித்த துணியில் தொடங்குங்கள். குதிரை மிரளாத தூரத்தில் துணியைக் காட்டி, அது அசையாமல் நின்ற கணமே விலக்குங்கள். துள்ளும்போது விலக்கினால் 'துள்ளினால் தப்பலாம்' என்று பழகிவிடும். பெரும்பாலான குட்டிகள் கெடுவது இங்கேதான். நின்றதற்குப் பரிசாகப் பிடரிமயிர் முடியும் தோள்மேட்டில் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று சொறிவதும் அங்கேதான், துடிப்பு இறங்கும். கழுத்தில் படபடவென்று தட்டுவது நமக்குத்தான் சந்தோஷம். வாயை மெல்லுவதைக் கண்டு 'விளங்கிவிட்டது' என்று அடுத்த படிக்குத் தாவவேண்டாம். பதற்றம் தணியும்போதும் மெல்லும்.

ஒரு தடவைக்கு 10–15 நிமிடம் போதும். சித்திரை வெயிலில் விடியற்காலையிலேயே முடியுங்கள். பிந்தினால் வியர்ப்பது வெக்கையாலா பயத்தாலா என்று தெரியாது. வெறும் வயிற்றில் பழக்காதீர்கள். குதிரையின் வயிறு ஓயாமல் அமிலம் சுரக்கும், புல் இல்லாவிட்டால் புண்ணாகும். தனியே கட்டியிருந்தால் இன்னொரு குதிரையாவது கண்ணில் படட்டும். நெடுந்தீவுக் குதிரைகள் கூட்டமாகத்தானே மேய்கின்றன! ஆள் ஏறுவதற்கும் அவசரமில்லை, முதுகெலும்பு முற்ற 5 வயது தாண்டும்.

நலமடித்தால் ஆண் ஓமோனான ரெஸ்ரோஸ்ரெரோன் குறையும். பெட்டையைக் கண்டு கனைப்பதும் மற்றக் குதிரைகளோடு முட்டுவதும் பெரும்பாலும் தணியும். சேணப்பயம் போகாது. செய்வதென்றால் ஏற்புவலித் (ரெற்றனஸ்) தடுப்பூசி கட்டாயம். அதன் பிறகும் சில கிழமைகள் பெட்டைகளோடு விடவேண்டாம், சினைப்படுத்தக்கூடும்.