அப்பா வீட்டுக்கு மூன்று விலை: எதை வைத்துப் பங்கு பிரிப்பது?

கேள்வி: வீரவநல்லூரில் அப்பா 1978-இல் வாங்கிய வீடு இருக்கிறது. பெற்றோர் இருவரும் காலமாகிவிட்டார்கள், உயில் இல்லை. வீட்டில் அண்ணன் குடியிருக்கிறார். எனக்கும் தங்கைக்கும் பணம் கொடுத்துவிட்டு வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வதாகச் சொல்கிறார். வழிகாட்டி மதிப்பு 38 லட்சம் வருகிறது. அண்ணன் கடன் கேட்ட வங்கியின் மதிப்பீட்டாளர் 62 லட்சம் என்று எழுதியிருக்கிறார். தரகரோ 85 லட்சத்துக்கு ஆள் இருக்கிறது என்கிறார். சண்டை வேண்டாம், ஏமாறவும் மனமில்லை. எந்த விலையை ஏற்பது?

பதில்: மூன்றில் எதையும் ஏற்காதீர்கள். 62-க்கும் 85-க்கும் நடுவே உங்கள் ஒரு பங்கில் மட்டும் ஏழரை லட்சத்துக்கு மேல் வித்தியாசம் வருகிறது. இதை ஊகத்துக்கு விடக் கூடாது.

வழிகாட்டி மதிப்பு முத்திரைத் தீர்வைக்காக அரசு வைத்திருக்கும் கணக்கு; அதற்காக யாரும் உங்கள் வீட்டுப் படி ஏறிப் பார்த்ததில்லை. வங்கி அறிக்கை, கடன் திரும்பாவிட்டால் வங்கியின் பணம் தேறுமா என்பதற்காக எழுதப்பட்டது. அவசர விற்பனையில் கிடைக்கும் தொகை என்று இன்னும் குறைந்த எண் ஒன்றும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். தரகர் சொன்னது, முன்பணத்தோடு ஆள் வரும்வரை வெறும் வாய்ச்சொல்.

உங்களுக்குத் தேவை சந்தை மதிப்பு. விவரம் தெரிந்த இருவர், வாங்கியே தீர வேண்டும், விற்றே தீர வேண்டும் என்ற நெருக்கடி இல்லாமல், ஒரு குறிப்பிட்ட தேதியில் ஒப்புக்கொள்ளக்கூடிய தொகை அது. சர்வதேச மதிப்பீட்டுத் தரநிலைகள் சொல்வதன் சாரமும் இதுதான். மூவரும் கையெழுத்திட்ட கடிதத்தோடு ஒரே மதிப்பீட்டாளரை நியமியுங்கள். கட்டணத்தையும் சமமாகப் போடுங்கள். ஆளுக்கொருவரை வைத்தால் இரண்டு அறிக்கைகள் வரும், பின்னாலேயே இரண்டு வக்கீல்களும் வருவார்கள்.

2017-இல் வந்த பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் விதிகளின்படி, நிலம் மற்றும் கட்டடம் என்ற பிரிவில் தேர்வு எழுதித் தேறியவர்களை இந்திய நொடிப்பு மற்றும் திவால் வாரியம் பதிவு செய்கிறது. அந்த விதிகள் கம்பெனிச் சட்டத்துக்காக வந்தவை. குடும்பப் பாகப்பிரிவினைக்கு அவை கட்டாயமில்லை. ஆனாலும் அந்தப் பதிவு உள்ளவரையே தேடுங்கள், வாரியத்தின் இணையதளத்தில் பெயரைச் சரிபாருங்கள். அவர்களுக்கு நடத்தை விதி இருக்கிறது. காரியம் முடிந்தால் இவ்வளவு என்று பேசிக் கட்டணம் வாங்கக் கூடாது. மதிப்பீட்டின் நோக்கம், மதிப்பீட்டுத் தேதி, நேரில் பார்த்த விவரம், தகவல் எங்கிருந்து வந்தது, தனக்கு அதில் ஏதாவது நலன் உண்டா என்பதையெல்லாம் அறிக்கையில் எழுத வேண்டும்.

அறிக்கை வந்ததும் கடைசிப் பக்கத்து எண்ணுக்கு ஓடாதீர்கள். நம் பக்கத்துப் பழைய தெருக்களில் வீடுகள் முகப்பில் குறுகி, தார்சா, பட்டாசல், ரெண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என்று நீளமாக உள்ளே போகும். தெருவை ஒட்டிய சென்டுக்கும் கிணற்றடிச் சென்டுக்கும் ஒரே விலை போட்டால் அது தவறு. முன்பகுதிக்கு முழு விலை, அடுத்ததற்கு மூன்றில் இரண்டு, கடைசிக்குப் பாதி என்று பட்டைகளாகப் பிரித்துப் போடும் முறை உண்டு. உங்கள் வீட்டுக்கு எப்படிப் போட்டார் என்று கேளுங்கள். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால் அதுவும் அறிக்கையில் வர வேண்டும். தேய்மானம் கழித்துவிட்டேன் என்று கட்டடத்தை ஒன்றுமில்லாமல் ஆக்கியிருந்தால், தேக்குத் தூணும் உத்தரமும் எங்கே போயின என்று கேளுங்கள்.

இன்னொன்று முக்கியம். பக்கத்தில் விற்ற மனைகளை ஒப்பிட்டுத்தான் நில விலை போடுவார்கள். ஆனால் நம் ஊர்ப் பத்திரங்களில் பல, வழிகாட்டி மதிப்பை ஒட்டிய தொகையையே காட்டுகின்றன. கைமாறிய பணம் வேறு. அந்தப் பத்திரத் தொகையை அப்படியே எடுத்தால் இழப்பு உங்களுக்கும் தங்கைக்கும்தான். எந்த விற்பனைகளை எடுத்தார், என்ன திருத்தம் செய்தார் என்பது எழுத்தில் இருக்கட்டும்.

அண்ணன் இத்தனை வருடம் வீட்டைப் பராமரித்தார், அம்மாவைப் பார்த்துக்கொண்டார் என்றால் அதற்காக நீங்கள் விட்டுக்கொடுப்பது நியாயம். முதலில் உண்மையான மதிப்பு மூவருக்கும் தெரியட்டும். பிறகு மனமுவந்து குறையுங்கள். குறைத்த மதிப்பீட்டுக்குள் அதை மறைத்தால் பத்து வருடம் கழித்தும் பேச்சு வரும்.

மூலதன ஆதாய வரிக்கு, அதாவது சொத்து கைமாறும்போது வரும் லாபத்தின் மீதான வரிக்கு, 1.4.2001 அன்றைய மதிப்பு வேண்டியிருக்கும். 2001-க்கு முன் வாங்கிய சொத்து என்பதால், அந்த மதிப்பையே அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது என்பதுதான் வரம்பு. அதற்குத் தனி அறிக்கை கேளுங்கள். பணம் பெற்றுக்கொண்டு உங்கள் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதுவதா, பாகப்பிரிவினைப் பத்திரமா என்பதைப் பொறுத்து அந்த வரி மாறலாம். எழுதும் முன் ஆடிட்டரைப் பாருங்கள்.

அண்ணனுக்குக் கடன் கிடைக்க மாதங்கள் ஆகலாம். எனவே உடன்படிக்கையில் மதிப்பீட்டுத் தேதியையும் பணம் தர வேண்டிய கடைசித் தேதியையும் குறிப்பிடுங்கள். கெடு தாண்டினால் வட்டியா, மறு மதிப்பீடா என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். பணம் முழுவதும் உங்கள் வங்கிக் கணக்கில் வந்த பிறகு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனால் போதும்.