டிடி கூப்பேவுக்கு வெல்டிங் வேண்டாம், முதலில் புஷ்ஷைப் பாருங்கள்

கேள்வி: திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் இருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் 2012 மாடல் ஆடி டிடி கூப்பே வாங்கி ஓட்டுகிறேன். 80,000 கி.மீ. தாண்டிவிட்டது. தினமும் மணலி வழியாக அம்பத்தூர் வேலைக்கு இதில்தான் போகிறேன். அவ்வப்போது இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலும் ஓட்ட ஆசை. பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் 'டக்' என்கிறது, வளைவில் வண்டி தளர்வாக இருக்கிறது. பாடி இணைப்புகளில் வெல்டிங் வைத்து, ஸ்ட்ரட் பார் (முன்பக்க இரண்டு ஸ்ட்ரட்டின் தலையையும் இணைக்கும் கம்பி) போட்டு, 40 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் மாற்றச் சொல்கிறார்கள் பட்டறையில். செய்யலாமா சார்?

பதில்: வெல்டிங் வேண்டவே வேண்டாம். மற்ற இரண்டையும் இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள்.

காரணம் உங்கள் வண்டியின் உடம்பிலேயே இருக்கிறது. 2006-ல் வந்த இரண்டாம் தலைமுறை டிடியின் பாடி முழு ஸ்டீல் கிடையாது. கூப்பேவின் பாடி எடை 206 கிலோ. அதில் 140 கிலோ அலுமினியம், 66 கிலோதான் ஸ்டீல். முன்பக்கம் அலுமினியம், எடை சமநிலைக்காகப் பின்தளம், கதவு, டிக்கி மூடி ஆகியவற்றில் மட்டும் ஸ்டீல் வைத்தார்கள். இரண்டும் சேரும் இடத்தில் ரிவெட்டும் பசையும்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அலுமினியத்தையும் ஸ்டீலையும் டிங்கரிங் பட்டறை வெல்டிங்கில் ஒட்டவைக்க முடியாது. பக்கத்தில் நெருப்புப் பட்டாலே பசை வெந்துவிடும், துருத்தடுப்புப் பூச்சும் போய்விடும். இரண்டு உலோகமும் நேராக ஒட்டி நின்று, நடுவில் உப்பு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். எண்ணூர் கடற்கரைச் சாலையில் தினமும் ஓடும் வண்டிக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. சாதாரண ஸ்டீல் காரில், முழுக்க ரேஸுக்கென்று பிரித்துக் கட்டும்போது இந்த வெல்டிங் முறைக்கு அர்த்தம் உண்டு. உங்கள் வண்டிக்குக் கிடையாது.

பாடி உண்மையிலேயே தளர்ந்ததா என்ற சந்தேகம் இருந்தால், சமதளத்தில் நிறுத்தி, ஜாக்கி வைக்கும் இடத்தில் ஒரு மூலையை மட்டும் தூக்குங்கள். அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். எங்கும் இடிக்காமல், இடைவெளி மாறாமல் மூடினால் பாடி நன்றாக இருக்கிறது. இடித்தால் அது பழைய விபத்தின் வேலை. அப்போது கேட்க வேண்டிய கேள்வியே வேறு, வண்டியை விற்றவரிடம்.

அப்படியானால் தளர்ச்சி எங்கே? ரப்பரில். முன் லோயர் ஆர்மின் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க்கை) பின்பக்கப் பெரிய புஷ்ஷில்தான் (இணைப்பில் அடியைத் தாங்கும் ரப்பர் உருளை) என் முதல் சந்தேகம். மணலி எம்.எஃப்.எல். பக்கம் கன்டெய்னர் லாரிகள் ஓடி ஓடித் தார் இரண்டு வரியாக அமுங்கிக் கிடக்கிறதே, அந்தக் குழியில் சக்கரம் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் அடி வாங்குவது இந்தப் புஷ்தான். வண்டியை லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்து, ஆர்முக்கும் சப்ஃபிரேமுக்கும் (ஆர்மைத் தாங்கும் அடிச்சட்டம்) நடுவே லிவர் கொடுத்து நெம்பச் சொல்லுங்கள். ரப்பரில் ஆழமான விரிசல் வாய் திறந்தாலோ, ஆர்ம் தடையில்லாமல் முன்பின் ஆடினாலோ ஆள் அகப்பட்டுவிட்டது. அங்கேயே பால் ஜாயின்ட், லிங்க் ராட், ஸ்ட்ரட்டின் மேல் மவுன்ட் மூன்றையும் பார்த்துவிடுங்கள். பள்ளத்தில் சத்தம் வராமல், ஸ்டியரிங்கைத் திருப்பும்போதோ பிரேக்கை அழுத்தி விடும்போதோ ஒரே ஒரு 'டக்' வந்தால் சப்ஃபிரேம் போல்ட்டையும் சந்தேகப்படலாம். இதே அடித்தளத்தில் கட்டிய வண்டிகளில் சப்ஃபிரேம் துளைக்குள் சற்று நகர்வது பழைய வியாதி. புது போல்ட்டும் காலரும் போட்டால் தீரும்.

புதுப் புஷ் எதில் போடுவது என்று அடுத்துக் கேட்பீர்கள். லோயர் ஆர்மில் கம்பெனி ரப்பரோ, கொஞ்சம் கெட்டியான ரப்பரோ போதும். பாலியூரித்தேன் (ரப்பரைவிடக் கெட்டியான செயற்கைப் பொருள்) வேண்டுமானால் அங்கே மட்டும் போடலாம். ஆனால் கிரீஸ் காய்ந்து, நிலக்கரித் தூசியும் மணலும் புகுந்தால் கீச் கீச் என்று கத்தும், அதற்குத் தயாராக இருங்கள். பின்பக்க டிரெயிலிங் ஆர்மில் பாலி வேண்டாம். அந்தப் புஷ் ஒரே சமயத்தில் பல திசையில் முறுக வேண்டியது. கெட்டியாக்கினால் சக்கரத்தின் அசைவே இறுகிவிடும்.

மாட்டும்போது நீங்கள் பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. லிஃப்டில் சக்கரம் தொங்கும் நிலையில் புஷ் போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். சில மாதத்தில் கிழியும், பழி பாகத்தின் மேல் விழும். ஆர்மின் அடியில் ஜாக்கி கொடுத்து, சக்கரம் வழக்கமாக நிற்கும் உயரத்துக்கு ஏற்றிய பிறகே இறுக்க வேண்டும். டார்க் ரெஞ்சில் பிடித்து அதற்கு மேல் கோணம் பார்த்துத் திருப்பும் போல்ட்டுகள் ஒருமுறைக்குத்தான். புதிது போடச் சொல்லுங்கள். டிடிக்கும் ஸ்கோடா லாராவுக்கும் பிளாட்பார்ம் ஒன்றுதான். எனவே சில பாகங்கள் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் பார்ட் நம்பர் ஒத்துப்போகாமல் வாங்காதீர்கள். புதுப்பேட்டையில் கதவு, கண்ணாடி தாராளமாக வாங்கலாம். பழைய லோயர் ஆர்மும் ஷாக்கும் வேண்டாம்.

இதற்குப் பிறகுதான் ஷாக், ஸ்பிரிங். 80,000 கி.மீ.யில் ஷாக் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். உங்கள் வண்டியில் மேக்னடிக் ரைடு (மின்சாரத்தால் கெட்டித்தன்மை மாறும் ஷாக்) இருந்தால் சாதாரண ஷாக் மாட்டினதும் டேஷ்போர்டில் விளக்கு எரியும். முதலிலேயே அதைத் தெரிந்துகொள்ளுங்கள். தாழ்த்துவது 25 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது என் கணக்கு. முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண். வண்டியைக் கண்டபடி இறக்கினால் லோயர் ஆர்ம் வெளிநுனி மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். அப்போது ரோல் சென்டர் (வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது), வண்டியின் புவியீர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே போகும். இறக்கிய வண்டி வளைவில் முன்னைவிட அதிகமாகச் சாய முயலும். அதை அடக்க இன்னும் கெட்டி ஸ்பிரிங் வேண்டும். போதாததற்கு எர்ணாவூர்ப் பள்ளத்தில் ஷாக் பம்ப் ஸ்டாப்பில் (அதன் அசைவை முடிவில் தடுக்கும் கட்டை) போய் இடித்துக்கொண்டே இருக்கும். 40 மி.மீ. பார்க்க அழகு, அவ்வளவுதான்.

ஸ்ட்ரட் பாரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. போட்டாலும் பாதகமில்லை, ஆனால் அந்தக் காசுக்குப் பின்பக்க ஸ்டெபிலைசர் பாரைத் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) தடிமனாக்குங்கள். இன்ஜின் முழுக்க முன்னால் உட்கார்ந்திருக்கும் வண்டி. வளைவில் முன்சக்கரம் வெளியே தள்ளிக்கொண்டு போகும் குணத்தைப் பின்பார்தான் குறைக்கும். துளை மாற்றி அட்ஜஸ்ட் செய்யக்கூடியதாக வாங்கி, பார் மிருதுவாக வேலை செய்யும் துளையில் ஆரம்பியுங்கள். ஐப்பசி மழையில் கெட்டித் துளையில் வைத்து ஓட்டினால் பின்பக்கம் சட்டென்று வழுக்கும்.

டயர் 245/40 ஆர்18 என்றால் பக்கச் சுவர் 98 மி.மீ. 245/45 ஆர்17-க்கு மாறினால் 110 மி.மீ. கிடைக்கும். பள்ளத்தில் ரிம் வளைவது குறையும், டிராக்கிலும் நஷ்டம் பெரிதில்லை. வாங்கும் முன் அந்த ரிம் உங்கள் பிரேக் காலிப்பரில் இடிக்காமல் உட்காருகிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலம் போய், இருங்காட்டுக்கோட்டை டிராக் 1990-ல் வந்தது. அதன் முழுச் சுற்று 3.717 கி.மீ. அங்கே நீங்கள் முதலில் இழக்கப்போவது பிரேக்கைத்தான், சஸ்பென்ஷனை அல்ல. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். புதிதாக இருக்கும்போது டாட் 4 ஆயில் கொதிக்க 230 டிகிரியாவது வேண்டும், ஈரம் சேர்ந்தால் அது 155 வரை இறங்கலாம். போவதற்கு முன் புது ஆயில் ஊற்றிக் காற்றெடுத்துவிடுங்கள். முன் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கச் சாய்வு) மைனஸ் 1.5 டிகிரி, டோ (சக்கர முனைகள் உள்ளே, வெளியே திரும்பும் அளவு) கிட்டத்தட்டப் பூஜ்யம் என்று அலைன்மென்ட் கேளுங்கள். தினசரி ஓட்டத்தில் டயரின் உள்விளிம்பு கொஞ்சம் சீக்கிரம் தேயும், அவ்வளவே. சூட்டில் டயர் காற்றழுத்தம் 4 முதல் 6 பிஎஸ்ஐ வரை ஏறும். சில சுற்று ஓட்டிவிட்டு வந்ததும் அளந்து குறைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன் மறக்காமல் பழையபடி நிரப்புங்கள்.

ரோல் கேஜ் (காருக்குள் கட்டும் பாதுகாப்புக் குழாய்க் கூண்டு) ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். ஹெல்மெட் இல்லாமல் ரோட்டில் ஓட்டும்போது மோதினால் தலை அந்தக் குழாயில்தான் அடிபடும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும் கம்பெனி வடிவமைப்பை மாற்றுவதை அனுமதிப்பதில்லை. தனியார் கார் பாலிசிகளில் ரேஸ், வேகச் சோதனை போன்றவற்றுக்கு இழப்பீடு கிடையாது என்று எழுதியிருக்கும். டிராக்குக்குப் பணம் கட்டுவதற்கு முன் உங்கள் பாலிசியில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்துவிடுங்கள்.