சிடி பாட்டு போனுக்கு வர

கேள்வி: வீட்டில் பழைய நாதஸ்வர சிடிகள் நாற்பது இருக்கின்றன. லேப்டாப்பில் போட்டு காப்பி செய்தால் எல்லா ஃபைலும் 1 கேபி என்றே காட்டுகிறது, போனில் பாடவும் இல்லை. எந்த சாஃப்ட்வேர் நல்லது?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: காப்பியானது பாட்டு இல்லை. ஆடியோ சிடியில் விண்டோஸ் காட்டும் ‘சிடிஏ’ ஃபைல், டிராக் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் 44 பைட் குறிப்பு மட்டுமே. பாட்டை எடுக்க ‘ரிப்’ செய்ய வேண்டும்.

பழைய சிடி என்பதால் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போடுங்கள். விண்டோஸில் ஓடும், வீட்டு உபயோகத்துக்கு இலவசம். விண்டோஸ் மீடியா பிளேயரும் ரிப் செய்யும். ஆனால் கீறலில் எந்த டிராக் கெட்டது என்று சொல்லாது. எக்ஸாக்ட் ஆடியோ காப்பியில் ‘செக்யூர்’ முறையைத் தேர்ந்தெடுங்கள். ‘சி2’ (படிப்பதில் பிழை வந்தால் டிரைவே சொல்லும் வசதி) பெட்டியில் டிக் வேண்டாம், பல டிரைவ்கள் பிழையைச் சரியாகச் சொல்வதில்லை. டிக் இல்லாவிட்டால் ஒவ்வொரு பகுதியையும் இரண்டு முறை படித்து ஒப்பிடும், ஒத்துவராவிட்டால் மறுபடி மறுபடி படிக்கும். கீறல் விழுந்த சிடிக்கு அதனால்தான் அவ்வளவு நேரம். நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

முடிவில் ‘அக்யுரேட்ரிப் டேட்டாபேஸில் இல்லை’ என்று வந்தால் பதற வேண்டாம். அது மற்றவர்கள் எடுத்த காப்பியோடு ஒப்பிடும் வசதி. நம்மூர் சிடி அதில் இல்லாமல் போகலாம். ‘டெஸ்ட் அண்ட் காப்பி’ கொடுங்கள். டிராக்கை இரண்டு முறை படித்து, ஒவ்வொரு முறைக்கும் ‘சிஆர்சி’ என்ற சரிபார்ப்பு எண்ணைக் காட்டும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் காப்பியை நம்பலாம்.

முதலில் ஃபிளாக்காக (ஒலியைக் குறைக்காமல் சுருக்கும் ஃபைல் வகை) எடுத்து ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். ஒரு மணி நேர சிடி அப்படியே எடுத்தால் சுமார் 600 எம்பி. ஃபிளாக்கில் ஏறக்குறைய பாதி, ஒலியில் துளி குறையாது. போனுக்கு அதிலிருந்து ‘லேம்’ என்ற எம்பி3 மாற்றியில் ‘வி2’ தரத்தில் எம்பி3 செய்தால் 85 எம்பி அளவில் அடங்கும். ஒன்று கவனியுங்கள்: எம்பி3 டிராக்கின் முன்னும் பின்னும் சிறு மௌனம் சேரும். ஆலாபனை முடிந்து கீர்த்தனை தொடங்கும் இடத்தில் டிராக் மாறினால், பல பிளேயர்களில் சுருதி அறுந்து தொடரும். நாதஸ்வரத்துக்கு இது பெரிய குறை. போனில் இடம் இருந்தால் ஃபிளாக்கையே ஏற்றுங்கள்.

சிடியைத் துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாக அல்ல. லேபிள் பக்கம் உரிந்து வெளிச்சத்தில் ஓட்டை தெரிந்தால், அந்த இடத்தை எந்த சாஃப்ட்வேராலும் மீட்க முடியாது.

கேள்வி: ஒரே சிடியில் நூறு பாட்டு இருக்கிறது. அதையும் ரிப் செய்யணுமா? புது லேப்டாப்பில் டிரைவும் இல்லை.
– வாசகி, மேலூர்

பதில்: வேண்டாம். ஆடியோ சிடி பொதுவாக 80 நிமிடத்துக்கு மேல் போகாது. உங்களுடையது எம்பி3 சிடி. ஃபைல்களை அப்படியே காப்பி செய்தால் போதும். மதுரை டவுன் ஹால் ரோட்டில் யுஎஸ்பி டிவிடி டிரைவ் வாங்கினால், லேப்டாப்பில் நேராகச் செருகுங்கள். ஹப் வழியாகச் செருகினால் கரண்ட் போதாமல் ‘டிக் டிக்’ என்று சத்தம் போட்டு நின்றுவிடலாம்.

கேள்வி: கார் ஸ்டீரியோவில் பாட்டுகள் வரிசை மாறுகின்றன, தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன.
– வாசகர், திருமங்கலம்

பதில்: பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்து, ஃபைல் பெயரின் முன்னால் 01, 02 என்று போட்டு, ஒவ்வொரு ஆல்பமாக அதே வரிசையில் காப்பி செய்யுங்கள். காப்பி ஆன வரிசையில்தான் பல ஸ்டீரியோக்கள் பாடும். கட்டம் வருவது அதில் தமிழ் ஃபான்ட் இல்லாததால். காருக்கான பென்டிரைவில் மட்டும் பெயர்களை ஆங்கில எழுத்தில் வையுங்கள்.