பட்டில் ஓவியம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பிரான்ஸின் எர்மேஸ் நிறுவனத்துப் பட்டு ஸ்கார்ஃபுகளைக் கலைப்பொருளாகச் சேகரிக்கலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். அச்சடித்த துணிதானே அது? ஒரே படம் எத்தனையோ பேர் கழுத்தில் இருக்கிறது. அதில் கலை எங்கே வந்தது? (ஒரு வாசகர், கோவை)

பதில்: அச்சுதான். அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த அச்சு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஓவியர் காகிதத்தில் ஒரு படம் வரைந்து தருகிறார். பிரான்ஸின் லியோன் வட்டாரப் பட்டறையில் இன்னொருவர் அதை நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக வரைகிறார். முப்பது நிறம் என்றால் முப்பது திரை, அதாவது சாயத்தைத் துணியில் இறக்கும் வலைச் சட்டம். இந்தப் பிரிப்பு வேலைக்கே நூற்றுக்கணக்கான மணி நேரம் பிடிக்கும். பிறகு நீண்ட மேசையில் பட்டை விரித்து, திரைகளை ஒன்றன்பின் ஒன்றாக இறக்குகிறார்கள். ஒரு திரை இம்மி நகர்ந்தாலும் குதிரையின் கருவிழி கண்ணுக்கு வெளியே போய்விடும்!

ரொபேர் தாலே என்ற ஓவியர் புலி, சிறுத்தை போன்ற பூனைக் குடும்ப விலங்குகளை வாழ்நாளெல்லாம் வரைந்தவர். அவர் வரைந்த சிறுத்தை ஸ்கார்ஃப் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் காதோரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், மயிர் ஒவ்வொன்றும் தனித்தனிக் கோடாக நிற்கும். வெளிர் மஞ்சள் மேல் பழுப்பு, அதன் மேல் கறுப்பு என்று சாயங்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருக்கும். வரைந்தவரும் பிரித்தவரும் அச்சிட்டவரும் ஒரே கவனத்தோடு இருந்தால்தான் அப்படி வரும். எண்ணிக்கையை வைத்து இதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

முதல் ஸ்கார்ஃப் 1937-ல் வந்தது. ரொபேர் துமா வடிவமைத்தது. குதிரை வண்டிகள் வட்டமாகச் சுற்றிவர, நடுவில் பெண்கள் பலகை விளையாட்டு ஆடுகிறார்கள். குதிரைச் சேணம் செய்து தொடங்கிய நிறுவனம் என்பதால், இன்றுவரை குதிரையும் கடிவாளமும்தான் அதிகம். 1957-ல் யூகோ கிரிக்கார் வரைந்த ‘பிரீட் த காலா’ வெறும் இரண்டு கடிவாளங்கள்தான். ஆனாலும் இன்றைக்கும் புதுப்புது நிறங்களில் அச்சாகிக்கொண்டே இருக்கிறது.

நான் மிகவும் மதிப்பவர் கெர்மிட் ஆலிவர். 1943-ல் டெக்சஸில் பிறந்த கறுப்பின ஓவியர். வேக்கோ நகரத் தபால் நிலையத்தில் இரவுப் பணியில் கடிதங்களை வகை பிரித்துக்கொண்டே, 1980-களிலிருந்து எர்மேஸுக்கு ஒரு டஜனுக்கு மேல் படங்கள் வரைந்து கொடுத்தார். அவருடைய டெக்சஸ் ஸ்கார்ஃபின் நடுவில் ஒரு வான்கோழி தோகையை விரித்து நிற்கும். சுற்றிலும் அந்த மண்ணின் விலங்குகளும் செடிகளும். பாரிஸ் கடையில் அதை வாங்கிக் கட்டிக்கொண்ட சீமாட்டிகளில் எத்தனை பேருக்கு அந்தத் தபால் ஊழியரைத் தெரிந்திருக்கும்? சேகரிக்கிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும்.

கேள்வி: பழைய ஸ்கார்ஃப் ஒன்று விலைக்கு வருகிறது. அசலா, போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நூலைப் பிடுங்கி எரித்துப் பார்க்கச் சொல்கிறார் நண்பர். (ஒரு வாசகி, சிங்கப்பூர்)

பதில்: எரிக்காதீர்கள், தாயே! பட்டா இல்லையா என்பதை மட்டும்தான் அது சொல்லும். போலிகளும் பட்டிலேயே வருகின்றன.

முதலில் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். கையால் சுருட்டித் தைத்த ஓரம் உருண்டையாக, சற்றுப் புடைத்து இருக்கும். எர்மேஸில் அந்தச் சுருள் படம் உள்ள பக்கம் நோக்கி வரும். பின்பக்கமாகச் சுருட்டியிருந்தாலோ, மெஷின் தையலாகத் தட்டையாக இருந்தாலோ விட்டுவிடுங்கள். சாதாரண அளவு பக்கத்துக்கு 90 சென்டிமீட்டர். துணியில் மெல்லிய சாய்வரிகள் தெரிய வேண்டும். சாயம் பின்பக்கமும் நன்றாக இறங்கியிருக்க வேண்டும். அப்புறம் படத்துக்குள்ளே நிறுவனத்தின் பெயரையும் ஓவியர் கையெழுத்தையும் தேடுங்கள். கையெழுத்து எல்லாவற்றிலும் இருக்காது. ஆனி ஃபேவ்ர் வரைந்தது என்றால் எங்காவது ஒரு குரங்கு ஒளிந்திருக்கும்; அதுதான் அவர் முத்திரை. ஆளுயரச் செடிகளுக்கு நடுவே அந்தக் குரங்கைக் கண்டுபிடிக்கிற சந்தோஷத்துக்காகவே அவர் படங்களை வாங்கலாம்.

துவைக்கும் முறை அச்சிட்ட சிறு துண்டுச்சீட்டு இல்லையே என்று பயப்பட வேண்டாம். கழுத்தில் உறுத்துகிறதென்று பலர் வெட்டிவிடுவார்கள். எர்மேஸின் ஆரஞ்சுப் பெட்டியோடு தருகிறேன் என்று விலையை ஏற்றினால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பெட்டி தனியாகவே விலைக்குக் கிடைக்கிறது.

கேள்வி: புதிது 500 யூரோவைத் தாண்டுகிறதாமே. அவ்வளவு வசதி இல்லாதவர் எங்கிருந்து தொடங்கலாம்? (ஒரு மாணவி, மதுரை)

பதில்: பழையதிலிருந்து. மூலையில் சின்னக் கறை இருந்தாலே விலை நன்றாக இறங்கிவிடும். கட்டும்போது அந்த மூலை உள்ளே போய்விடும். படம் அப்படியே இருக்கும். எர்மேஸ்தான் வேண்டும் என்றும் இல்லை. லண்டனில் ஜாக்மார் நிறுவனம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரசாரப் படங்கள் அச்சிட்ட ஸ்கார்ஃபுகளை வெளியிட்டது. ஆர்னால்ட் லீவர் என்பவர் அவர்களுடைய முதன்மை வடிவமைப்பாளர். அவை சரித்திரமும்கூட. பிராக் நகரிலிருந்து லண்டனுக்கு வந்த ஜிக்கா ஆஷர், 1940-களில் ஓவியர் மத்தீஸ், சிற்பி ஹென்றி மூர் போன்றவர்களையே ஸ்கார்ஃபுக்கு வரைய வைத்தார். அவற்றை வாங்குவது கஷ்டம். அருங்காட்சியகங்களில் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ஓவியரைத் தேர்ந்தெடுத்து, அவர் வரைந்தவை எவை என்று முழுவதுமாகத் தெரிந்துகொள்ளுங்கள். வாங்குவது அப்புறம்.

கேள்வி: பாரிஸிலிருந்த சித்தி கொடுத்த ஸ்கார்ஃப் பல வருடமாக பீரோவில் மடித்தபடி இருக்கிறது. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாமா? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: முதலில் வெளியே எடுங்கள். பட்டுப்புடவையைப் போலவே இதையும் அவ்வப்போது மடிப்பு மாற்றி வைக்காவிட்டால் மடிப்பிலேயே இற்றுவிடும். அந்துருண்டை துணியில் படக் கூடாது. வீட்டில் துவைக்காதீர்கள், பழைய சாயம் கரையலாம். இஸ்திரி போடும்போது சுருட்டிய ஓரத்தை நசுக்காதீர்கள். மாட்டுவதானால் வெயில் படாத சுவரில், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடிக்குள் மாட்டுங்கள். ஸ்கார்ஃபைப் பருத்தித் துணியில் மெல்லிய நூலால் தைத்துப் பொருத்தச் சொல்லுங்கள். பசையை எடுத்தால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். என்னைக் கேட்டால், ஒரு கல்யாணத்துக்காவது அதைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டு வந்து மாட்டுங்கள்.